செய்மதிக்கு எந்தக் காந்தமானி: பிளக்ஸ்கேற்றா, ஹீலியமா?

போன கிழமை மருமகன் கைத்தொலைபேசியைக் கிணற்றுக் கட்டில் வைத்துக் காந்தப் புலம் அளந்தான். 40, 41 மைக்ரோரெஸ்லா என்று நின்ற எண், இரும்பு வாளி கிட்ட வந்ததும் எகிறிவிட்டது. "அப்ப செய்மதிக்குள்ள முழுக்க வயரும் பற்றரியும்தானே மாமா, அங்க வச்சு எப்பிடி அளக்கிறாங்கள்?" என்று கேட்டான். வாளியைத் தள்ளி வைக்கிற மாதிரித்தான். 2013 இல் ஏவிய ஸ்வார்ம் செய்மதிகள் மூன்றிலும் காந்தமானிகள் பின்னால் நீளும் 4 மீற்றர் தண்டில்தான் இருக்கின்றன. எந்தக் காந்தமானி என்பதுதான் பெரிய கேள்வி.

பிளக்ஸ்கேற்றில் ஓர் உலோக அகணி, அதைச் சுற்றி இரண்டு சுருள். ஒன்றில் ஆடலோட்டம் விட்டு அகணியை இரு பக்கமும் மாறி மாறி நிரம்பும்வரை காந்தமாக்குவார்கள். வெளிப்புலம் இருந்தால் ஒரு பக்கம் முந்தி நிரம்பும், அந்தச் சமனின்மை மற்றச் சுருளில் இரட்டிப்பு மீடிறனில் தெரியும். மூன்று திசைக்கு மூன்று வைத்தால் காவி, அதாவது புலத்தின் அளவும் திசையும், முழுதாகக் கையில். சின்னது, மின்சாரமும் அதிகம் தின்னாது, 1958 இலேயே சோவியத் செய்மதி ஸ்புட்னிக் 3 இல் போய்விட்டது. ஆனால் வெப்பம் மாறினாலும் வயது போனாலும் அதன் சுழி, அதாவது புலமே இல்லாதபோது காட்டும் எண், மெல்ல நகரும், நகர்ந்தது அதற்கே தெரியாது. கைத்தொலைபேசியை ஒரே இடத்தில் புரட்டிப் புரட்டிப் பாருங்கள், மொத்தப் புலம் மாறுவதாகக் காட்டும். உள்ளே இருப்பது வேறு வகைச் சிப், நோய் இதேதான்.

ஹீலியம் காந்தமானிக்கு அந்த நோய் இல்லை. லேசரால் தயார்செய்த ஹீலியம் அணு எந்த மீடிறனுக்கு இசைகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு நானோரெஸ்லாவுக்கு ஏறத்தாழ 28 ஹேர்ட்ஸ். அது அணுவின் இயல்பு, நாங்கள் திருகி வைத்த எண் அல்ல. ஆனால் கிடைப்பது எண்ணி, அதாவது புலத்தின் அளவு மட்டும், திசை இல்லை.

திசை இல்லாவிட்டால் என்ன என்று கேட்டால், அடி விழுவது எங்கள் பக்கம்தான். 1965 முதல் 1971 வரை போகோ செய்மதிகள் மொத்தப் புலத்தை மட்டும் அளந்தன. அதை வைத்துச் செய்த மாதிரிகளில் நிலைக்குத்துக் கூறு காந்தப் புலம் கிடையாகப் படுக்கும் காந்த மத்தியரேகையை அண்டி 1,000 நானோரெஸ்லாவுக்கும் மேல் பிழைத்தது. அளவு மட்டும் தெரிந்தால் புலம் முழுவதும் நிச்சயமாகாது என்று 1970 இல் புவிப்பௌதிகவியலாளர் பக்கஸ் கணிதத்தால் காட்டினார். அந்த ரேகை யாழ்ப்பாணத்துக்குக் கொஞ்சம் தெற்கே இலங்கையைக் குறுக்கே வெட்டிப் போகிறது. அதனால் 1979 இல் ஏவிய மக்சற் செய்மதியில் மொத்தப் புலம் அளக்கும் காந்தமானி ஒன்றையும் (அது ஹீலியம் அல்ல, சீசியம்) திசை சொல்லும் பிளக்ஸ்கேற்றையும் சேர்த்தே ஏற்றினார்கள்.

ஸ்வார்மிலும் அப்படித்தான். தண்டின் நுனியில் ஹீலியம், நடுவில் பிளக்ஸ்கேற், அதனுடன் திசை சொல்ல நட்சத்திரக் கமராக்கள். இரண்டையும் ஒப்பிட்டபடியால்தான் சூரியன் படும் கோணத்தோடு மாறும் ஒரு சின்னப் பிழை அகப்பட்டது. தனி பிளக்ஸ்கேற் என்றால் அதைப் பூமியின் புலம் என்றே நம்பியிருப்போம். 2014 நவம்பரில் சார்லி என்ற செய்மதியின் ஹீலியம் பக்கம் செயலிழந்தபோது, அருகே பறக்கும் அல்பாவின் அளவை இரவல் வாங்கித்தான் சார்லியின் பிளக்ஸ்கேற்றைத் திருத்துகிறார்கள்.

ஒன்றுதான் ஏற்றலாம் என்றால் நான் பிளக்ஸ்கேற்றையே எடுப்பேன். சுழி நகர்ந்தால் பிறகு திருத்த வழி உண்டு, அளக்காத திசையைப் பிறகு எங்கே தேடுவது? மாணவர்கள் செய்யும் 10 சென்ரிமீற்றர் பெட்டிச் செய்மதி என்றால் கைத்தொலைபேசிச் சிப்பே போதும், அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று அறிய. அதை வைத்துப் பூமியின் புலத்துக்கு வரைபடம் கீறப் போகாதே என்று மருமகனுக்கும் சொல்லிவிட்டேன்.