களுவாஞ்சிகுடியில் பெயர்ப்பலகை இல்லாத மெசின் திருத்துகிற கடை

எங்கட தோட்டம் மட்டக்களப்பு, களுதாவளையில். கடற்கரை மணல். காலையில் ஊற்றின தண்ணி மத்தியானம் நிலத்தில் இருக்காது. மிளகாயும் கத்தரியும் வைத்தவனுக்கு மெசின் நின்றால் கை ஒடிந்த மாதிரி. என்னுடையது இரண்டு இஞ்சிப் பெற்றோல் பம்ப், 168எஃப் மாடல் எஞ்சின், நாலு வருசம் சொன்ன சொல் கேட்டு ஓடினது. போன மாசம் திடீரென்று சைலன்சரால் கறுப்புப் புகை. கிணற்றடி முழுக்கப் பெற்றோல் மணம். இரண்டரை மணித்தியாலம் ஓடுகிற தாங்கி ஒன்றரையில் காலி. 2022 தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று லீற்றர் 470 ரூபாய்க்கு வாங்கினவன் நான். அது புகையாகப் போவதைப் பார்த்தால் வயிறு எரியாதா?

முதல் கொண்டுபோன கடையின் பெயர் வேண்டாம். ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்காமல் "றிங் போயிற்று, காபரேற்றரும் மாத்தணும், 14,500" என்றார்கள். றிங் என்பது பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம், காபரேற்றர் பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற பகுதி. திருப்பி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மச்சான் சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனேன். பட்டிருப்புச் சந்தியால் பாலத்துப் பக்கம் கிறுகி, இரண்டாவது ஒழுங்கைக்குள், ஒரு தகரக் கொட்டில். பலகை இல்லை. வாசலில் புல்லு வெட்டுகிற மெசினும் மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரும் குவிந்து கிடக்கும், அதுதான் அடையாளம். ஆளுக்கு அறுபது வயதிருக்கும். எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

ஸ்பானர் எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. ஒயில் மூடியைக் கழற்றி, குச்சியில் இருந்ததை இரண்டு விரலால் தேய்த்து மணந்தார். "இது ஒயில் இல்ல மனே, பாதி பெற்றோல். இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா எஞ்சின் இறுகிப் புடிச்சிருக்கும்." இரவில் பெற்றோல் குழாயின் பூட்டை மூடாமல் விடுவேன். அது காபரேற்றரால் வழிந்து, சிலிண்டருக்குள் போய், றிங் இடுக்கால் ஒயிலுக்குள் இறங்கியிருக்கிறது.

ஒயிலை மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட் பண்ண விட்டார். காற்றை மறைக்கிற சோக் தகடு முழுசாகத் திறக்குதா என்று பார்த்தார், திறந்தது. காற்று வடிக்கிற பில்டர் ஸ்பொஞ்ச் ஊறிப்போய் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு ஒரு நிமிசம் ஓட்டினார். புகை கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. அடுத்ததாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே பெற்றோல் பூட்டை மூடினார். காபரேற்றர் கிண்ணத்தில் மிச்சம் இருந்ததில் எஞ்சின் ஓடியது. அது வற்றி நிற்கப்போகிற கடைசி நேரத்தில் புகை நின்றது, சத்தமும் மணி மாதிரித் தெளிந்தது. "பாத்தீங்களா, சாகப்போற நேரந்தான் நல்லா மூச்சு விடுது. காத்துப் போதாம இல்ல, பெற்றோல் கூடிப்போச்சு." றிங் என்றால் புகை நீலமாக வரும், கறுப்பு என்றால் பெற்றோல் என்றார். 14,500 ரூபாய்க் கதையை நான் அப்போது சொல்லவில்லை.

காபரேற்றரைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்து, பெற்றோல் குழாய் வழியே வாயால் ஊதினார். புளோட் என்ற மிதவையின் பாரத்துக்கு, பெற்றோலை மறிக்கிற ஊசி இறுகி அடைத்திருக்க வேண்டும். காற்றுப் போனது. ஊசி முனையில் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. புது ஊசி போட்டார். சும்மா ஓடும்போது வந்த புகை நின்றது. நான் காசை எடுக்கப் போனேன். "பொறுங்க" என்று திறொட்டிலைக் கூட்டினார். மறுபடி கறுப்பு.

பெற்றோலை அளந்து விடுகிற துளையுள்ள மெயின் ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இதுக்குள்ள கம்பி விட்டது ஆரு?"

நான்தான். மாரிக்கு முன்பு அடைப்பு என்று நினைத்து, மோட்டார்சைக்கிள் பிறேக் கேபிளில் ஒரு இழையை உருவி நல்லாக் குத்தியிருந்தேன். பித்தளை மெத்தென்றது. வட்டமாக இருக்கவேண்டிய துளை முட்டை மாதிரி ஆகியிருந்தது. மயிரிழை கூடினாலும் பெற்றோல் கூடத்தான் போகும். பிஸ்கட் டின்னுக்குள் கிளறி வேறொன்று எடுத்தார். புதுசா பழசா என்று கேட்டேன். "சரியானது" என்றார்.

கறுத்த ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து, இடைவெளியை 0.7 மில்லிமீற்றருக்கு வைத்துத் தந்தார். ஒரு கிழமை கழித்துக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், கறுப்பு இல்லை, வெறும் தேத்தண்ணி நிறம். தாங்கி பழையபடி இரண்டரை மணித்தியாலம் வருகிறது. ஊசி, ஜெட், 600 மில்லி ஒயில், கூலி எல்லாம் சேர்த்து 3,850 ரூபாய்.

குறையும் உண்டு. பில் தரமாட்டார். போன் எடுக்கமாட்டார். பெற்றோல் கிண்ணம் திறந்திருக்க நாலடி தள்ளி நின்று பீடி பற்றவைக்கிறார், எனக்கு நெஞ்சு படபடத்தது. பெரும்போக நெல் விதைப்புக் காலத்தில் போகவே வேண்டாம், வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரை வயல் வட்டைகளில் உள்ள ஸ்பிரேயர் முழுக்க அங்கேதான் நிற்கும். அப்போது கொடுத்தால் எப்ப கிடைக்கும் என்று அவருக்கே தெரியாது.

காலை எட்டரைக்குத் திறப்பார், மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவார். போகிறவர்கள் ஜெட்டுக்குக் கம்பி விட்டிருந்தால் முதலே சொல்லிவிடுங்கள். வெயிலுக்குப் பிடித்து எப்படியும் கண்டுபிடிப்பார்.