பீடோங் கடைத்தெருவில் ஒரு வாடகைப் புத்தகக் கடை

சரித்திர நாவல்களை விரும்பிப் படிப்பவர்களுக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கும் கடை, கெடா மாநிலத்தின் பீடோங் கடைத்தெருவில், பூசைப் பொருள்களும் பள்ளி எழுதுபொருள்களும் விற்கும் ஓர் அம்மையாரின் கடைக்குப் பின்கட்டில் இருக்கிறது. வெளியே தொங்கும் பலகையில் புத்தகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஊதுவத்திக் கட்டுகளையும் குத்துவிளக்குகளையும் தாண்டி உள்ளே சென்றால், மூன்று சுவர்களிலும் கூரையைத் தொடும் அளவுக்குத் தமிழ் நாவல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு சரித்திர நாவல்கள். சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முன்தலைமுறையினர் வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்களைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, பைண்டு செய்து வைத்திருந்த தொகுதிகள் பல, பிள்ளைகள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை விட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபோது இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன.

நூல்கள் விற்பனைக்கு இல்லை, வாடகைக்கு மட்டுமே. முன்பணமாக 30 ரிங்கிட் கட்ட வேண்டும். ஒரு நூலுக்கு வாரம் 2 ரிங்கிட். பல பாகங்கள் கொண்ட நாவலை மொத்தமாக எடுத்துச் சென்றால், கடையை நடத்தும் அக்கா ஒரு மாதம் வரை வைத்திருக்க அனுமதிக்கிறார்.

இவையெல்லாம் எந்த வாடகை நூலகத்திலும் இருக்கக்கூடியவைதாம். இந்தக் கடையை நான் தனியாகப் பாராட்டுவதற்குக் காரணம், நாவலைக் கொடுக்கும்போது அது எழுந்து நின்ற ஆதாரத்தையும் கூடவே கொடுக்கும் வழக்கம் இங்கே இருப்பதுதான். பொன்னியின் செல்வனைக் கேட்டால், அதன் ஐந்து பாகங்களோடு சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் ஆய்வு நூலும் ஒரே நூல்கயிற்றில் கட்டப்பட்டு வருகிறது. அதற்குத் தனி வாடகை கிடையாது. “கதைய முதல்ல முடிச்சிருங்க தம்பி, அப்புறம் இதத் தொடுங்க. இல்லன்னா ரெண்டுமே ருசிக்காது” என்று அக்கா சொல்வார். அவர் சொல்வது மிகச் சரி.

1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்த நாவலை இளம் வயதில் கதையின் விறுவிறுப்புக்காகவே படித்தவர்களில் நானும் ஒருவன். ஆய்வு நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி படித்தபோதுதான் அதன் கட்டுமானம் கண்ணுக்குத் தெரிந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டொன்று குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று குறிப்பிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்த ஒரு வரியிலிருந்து கல்கி, கடிதமும் கையுமாகக் குதிரையில் வரும் ஓர் இளைஞனை, அவனுடைய வாய்த்துடுக்கையும் பசியையும் அசட்டுத் துணிச்சலையும் சேர்த்து உருவாக்கியிருக்கிறார். உடையார்குடிக் கல்வெட்டோ, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய உறவினரின் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்ட செய்தியைத் தருகிறது. அன்று கத்தி எவன் கையில் இருந்தது, ஏன் கொன்றார்கள் என்பவற்றைச் சொல்லவில்லை. நாவலும் அந்த இடத்துக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிடுகிறது. ரவிதாசன் இருக்கிறான், நந்தினி இருக்கிறாள், இருட்டு இருக்கிறது. யார் குத்தியது என்பது மட்டும் உறுதியாகச் சொல்லப்படுவதில்லை. நந்தினி முழுக்க முழுக்கக் கற்பனை. ஆதாரம் வாய்மூடும் இடம் எதுவென்று தெரிந்து, அங்கே மட்டும் கற்பனையை முழு வேகத்தில் ஓடவிடுவதுதான் நல்ல சரித்திர நாவலாசிரியரின் கைத்திறன் என்று நான் நினைக்கிறேன். அந்த எல்லைக்கோட்டைக் கண்ணால் காண்பதில் கிடைக்கும் இன்பம், கதையின் திருப்பங்கள் தரும் இன்பத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

பீடோங்கில் இருந்து படிப்பவர்களுக்கு இந்த இன்பம் இரட்டிப்பாகிறது. கடையின் வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரிகிறது. கடலில் வந்த மரக்கலங்களுக்கு அடையாளமாக நின்ற மலை அது. அதன் அடிவாரத்தில், மெர்போக் ஆற்றை ஒட்டிய பூஜாங் பள்ளத்தாக்கைத்தான் பழைய கடாரத்தின் துறைமுகப் பகுதியாக ஆய்வாளர்கள் பலர் கொள்கின்றனர். பட்டினப்பாலை பாடும் ‘காழகத்து ஆக்கம்’ என்பதற்குக் கடாரத்துப் பொருள்கள் என்றே நச்சினார்க்கினியர் உரை எழுதியிருக்கிறார். 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பைப் பேசும் சோழ மன்னன் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியை (கல்வெட்டுகளில் மன்னனின் வெற்றிகளைப் புகழும் பாடலை) அக்கா பெரிய எழுத்தில் நகலெடுத்து, கடாரம் தொடர்பான நாவல்களின் பின்னட்டைக்குள் ஒட்டி வைத்திருக்கிறார். ‘அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி’ என்று தொடங்கும் அப்பகுதி, ஸ்ரீவிசயம் முதலாகப் பதின்மூன்று ஊர்களை அடுக்கி, ‘தொடுகடற் காவற் கடுமுரட் கடாரம்’ என்று வந்து முடிகிறது. தோற்ற கடாரத்து மன்னனின் நகரைப் பற்றி அது தரும் காட்சி மிகச் சிறிது: போர்த்தொழில் வாசலில் விச்சாதிரத் தோரணம் என்னும் அலங்கார வளைவு, மணிகள் பதித்த கதவுகள், அவ்வளவுதான். ஒரு வாசலும் சில கதவுகளும் மட்டுமே கையில் இருக்க, அவற்றுக்குப் பின்னால் ஒரு நகரத்தையே நாவலாசிரியர் எழுப்பியாக வேண்டும்.

எதைக் கொண்டு எழுப்புகிறார் என்பதில்தான் உழைத்தவர் யார், உழைக்காதவர் யார் என்பது தெரிந்துவிடுகிறது. மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் உள்ள புக்கிட் பத்து பகாட் கோயிலைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: இன்று எஞ்சியிருப்பவை கல்லால் ஆன அடித்தளமும் தூண்கள் நின்ற கல் பீடங்களும்தாம், மேலே இருந்த மரமும் கூரையும் மழையிலும் மண்ணிலும் கரைந்துவிட்டன. சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், காற்றை ஊதிய மண்குழாய்களும் குவியல் குவியலாகக் கிடைத்தன. ஆகவே, கடாரத்தை வானளாவிய கற்கோபுரங்களின் நகரமாக வருணிக்கும் நாவலைப் படிக்கும்போது என் மனம் ஒட்டுவதில்லை. சதுப்பு மரங்களுக்கிடையே கடல் ஏற்றத்துக்காகக் காத்துக் கிடக்கும் கலங்களையும், மர மண்டபங்களையும், உலைப் புகையையும் எழுதும் ஆசிரியரின் கடாரத்தை நான் நம்பிப் படிக்கிறேன்.

இக்கடையின் மற்றொரு சிறப்பு, ஒவ்வொரு நாவலின் முன்னட்டையிலும் செருகப்பட்டிருக்கும் வாசகர் தாள். படித்தவர்கள் பக்க எண்ணைக் குறித்து, தாங்கள் கண்ட பிழையையோ, பாராட்டத் தக்க நுட்பத்தையோ பென்சிலால் எழுதலாம். ஒரு நாவலின் தாளில் நான் கண்ட குறிப்பு என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது. நாகப்பட்டினத்திலிருந்து சோழர் கப்பற்படை மார்கழியில் பாய் விரித்துக் கிழக்கே புறப்படுவதாகக் கதை போகிறது. அதற்கு எதிரே, தேர்ந்த கையெழுத்தில் இப்படி எழுதப்பட்டிருந்தது: “மார்கழியில் வடகிழக்குக் காற்று. கலங்கள் இங்கிருந்து ஊர் திரும்பும் காலம் அது. இங்கே வருவதற்குத் தென்மேற்குக் காற்று வேண்டும். ஆனி, ஆடி பொருந்தும்.” அதன் கீழே வேறொருவர், “அப்படியானால் 212ஆம் பக்கத்துப் புயலையும் மாற்ற வேண்டுமே!” என்று சேர்த்திருந்தார். இன்னொரு நாவலில், சோழ வீரன் ஒருவன் செம்பனை மரத்தின் பின்னால் மறைந்துகொள்கிறான். செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம்; இந்நாட்டில் அதை வாணிகப் பயிராக முதலில் நட்டது 1917இல், கோலசிலாங்கூர் அருகே. தோட்டத்தில் குலை வெட்டிய குடும்பங்கள் படிக்கும் ஊரில் இப்பிழை தப்பிப் போகுமா? அந்தப் பக்கத்துக்கு மட்டும் பல கையெழுத்துகளில் குறிப்புகள் இருந்தன.

சயாம் மரண இரயிலைப் பற்றிய நாவல்களுக்கு ஒரு தனித் தட்டு உண்டு. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுபோய்ப் போட்டு, 1943 அக்டோபரில் ஜப்பானியர் கட்டி முடித்த சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையிலான ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இரயில் பாதை அது. அந்நாவல்களின் தாள்களில் உள்ள குறிப்புகள் கல்வெட்டைப் பேசுவதில்லை. வீட்டில் கேட்டதைப் பேசுகின்றன. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானியப் பணத்தாள்களுக்கு எப்போது மதிப்பில்லாமல் போனது, மரவள்ளிக்கிழங்கை எப்படியெல்லாம் உண்டார்கள், எந்தத் தோட்டத்திலிருந்து லாரி கிளம்பியது என்று பெயரர்கள் எழுதியிருக்கிறார்கள். இவற்றை ஒருவர் தொகுத்து வைப்பாரானால், இனி எழுதப்போகும் நாவலாசிரியருக்குக் கைப்பொருளாக இருக்கும். அக்காவிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பின்கட்டில் ஒரே ஒரு மின்விசிறிதான். மதிய வேளையில் நின்று தேர்ந்தெடுப்பது கடினம். மேல்தட்டு நூல்கள் சிலவற்றில் பூச்சி அரித்திருக்கிறது, பழைய பைண்டுத் தொகுதிகளில் இடையிடையே அத்தியாயங்கள் இல்லை. நூல்பட்டியல் என்று எதுவும் இல்லாததால் எல்லாம் அக்காவின் நினைவையே நம்பியிருக்கிறது. அவர் கடையில் இல்லாத நேரத்தில் பொறுப்பில் இருக்கும் தம்பிக்குச் சாம்பிராணி விலை தெரியும், சாண்டில்யன் தட்டு தெரியாது. பூஜாங் பள்ளத்தாக்கு அகழாய்வைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட நூல்களும் இங்கே போதிய அளவில் இல்லை. நாவலோடு ஆதாரத்தையும் தரும் கடைக்கு, பக்கத்து ஊர் ஆதாரமே குறைவாக இருப்பது எனக்கு மனவருத்தம் தருகிறது.

சுங்கைப்பட்டாணியிலிருந்து வருபவர்கள் காலை வேளையில் வந்தால் அக்காவிடமே கேட்டு எடுக்கலாம். வெள்ளிக்கிழமைகளில் பூசைப் பொருள் வாங்குவோர் கூட்டம் அதிகம் என்பதால் அன்று தவிர்ப்பது நல்லது. முதல் முறை செல்பவர்கள், சோழ மன்னன் வீரராசேந்திரன் கடாரத்தை வென்று, தன்னிடம் அடைக்கலம் புகுந்த அந்நாட்டு மன்னனுக்கே அதை மீட்டுக் கொடுத்த காலத்தைப் பற்றிய நாவல்களைக் கேட்டு வாங்குங்கள். அவற்றின் தாள்களில் எழுத இன்னும் நிறைய இடம் இருக்கிறது. பென்சிலை அக்காவே தருவார்.