ஒரே நாளில் காலி செய்வதா, தினம் ஒரு டிராயரா?

வீட்டில் ஒருவர் எதையும் தூக்கிப்போட மனமில்லாமல் சேர்த்துவைத்த சாமான்களை ஒரே மூச்சில் காலி செய்தால் அன்று மாலையே நடக்க இடம் கிடைக்கும். ஆனால் சேர்த்தவர் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் அள்ளிப் போட்டால் அவர் மனசு ரணமாகிவிடும். அதே மூலை மறுபடி நிரம்பவும் செய்யும்.

தினம் ஒரு டிராயர் என்பது மெதுவான வழி. என் ஓட்டு இதற்குத்தான். மூடி தொலைந்த டப்பா, எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத சாவி, மை காய்ந்த பேனா என ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, வைப்பதா விடுவதா என்று அவரே சொல்ல வேண்டும். முதல் சாவிக்கே பத்து நிமிடம் ஆகலாம், ஆகட்டும். அளவுமீறிச் சேர்ப்பதை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனிக் கோளாறாகவே வகைப்படுத்தியது. எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசி மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை இதற்குத் தரும்போதும் இப்படி முடிவெடுக்கத்தான் பழக்குகிறார்கள்.

தீ ஆபத்து, எலித்தொல்லை என்றால் மட்டும் முதல் வழி. அப்போதும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.