ஏற்காட்டில் கூடாரம் போட சேலத்தில் 'கிட்' வாங்கப் போகிறவர்களுக்கு

பிள்ளைகளோடு முதல் தடவை கேம்பிங் போக நினைப்பவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், முதுகுப் பை, அடுப்பு எல்லாவற்றையும் சேர்த்து 'பிகினர் கிட்' என்று ஒரே கட்டாக விற்கிறார்கள். சேலம் டவுனில் ஒரு கடையில் நாங்கள் அதைத்தான் வாங்கினோம். 12,000 ரூபாய்க்கு மேல் ஆனது. ஐப்பசி மழையில் அந்தக் கிட்டில் இருந்த ஒரு பொருளும் கைகொடுக்கவில்லை.

கடைக்காரரிடம் எதையும் மறைக்கவில்லை. தீபாவளி முடிந்ததும் ஏற்காடு போகிறோம், மழை இருக்கும், தெரிந்தவர் காபி எஸ்டேட்டில் அனுமதி வாங்கியாயிற்று, என் பையனும் அண்ணன் மகளும் கூட வருகிறார்கள் என்று சொல்லித்தான் கேட்டேன். "அக்கா, இது ஊட்டி கொடைக்கானலுக்கே போற டென்ட்டுங்க. சொட்டுத் தண்ணி உள்ள வராதுங்க, நான் கேரண்டி" என்றார்.

சாப்பிட்டுப் படுத்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. முதலில் ஒழுகியது துணி இல்லை, தையல். டார்ச் அடித்துப் பார்த்தால், மேல் மூலையில் ஒவ்வொரு ஊசித் துளையிலும் ஒரு சொட்டு நிற்கிறது. அது பெருத்து, நூல் வழியே சறுக்கி, அடுத்த சொட்டோடு சேர்ந்து, நேராக அண்ணன் மகளின் தலைமாட்டில் விழுகிறது. மழைக்குத் தாங்கும் கூடாரத்தில் தையலின் உள்பக்கம் நெடுக மெல்லிய டேப் ஒட்டியிருக்கும். இதில் எங்கும் அது இல்லை. கடையிலேயே, கூடாரத்தின் மேல் மழைக்குப் போர்த்தும் மேல்துணியை உள்பக்கம் திருப்பி, செல்போன் வெளிச்சத்தில் விரலால் தடவிப் பாருங்கள். டேப் இருந்தால் விரலுக்கே தெரியும்.

மேல்துணியின் நீளத்தையும் பாருங்கள். நம் மழை நேராக விழுவதில்லை, காற்றோடு சாய்ந்து அடிக்கும். எங்களுக்குக் கொடுத்ததில் மேல்துணி உச்சியை மட்டும் மூடியது, சுவர் முழுக்க நனைந்தது. தரைக்கு ஒரு சாண் உயரம் வரையாவது இறங்கும் மேல்துணிதான் வேண்டும். அப்புறம் எண். துணி எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் என்று நல்ல கூடாரங்களில் அச்சிட்டிருப்பார்கள். மேல்துணிக்கு 1,500, நம் உடல் எடை அழுத்தும் தரைக்கு 3,000 என்றால் நம்பி வாங்கலாம். எங்கள் உறையில் மலைப் படம் இருந்தது, எண் எதுவும் இல்லை.

ஸ்லீப்பிங் பேக்கில் நடந்தது இன்னும் மோசம். "ஜீரோ டிகிரி பேக்" என்றுதான் விற்றார். உள்ளே தைத்திருந்த சின்னத் துணிச் சீட்டில் மூன்று எண்கள் உண்டு: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். பூஜ்ஜியம் என்பது எக்ஸ்ட்ரீம் எண். அந்தக் குளிரில் உயிரோடு கிடக்கலாம், தூங்க முடியாது, உடம்பு விறைத்துப்போகும் ஆபத்தும் உண்டு என்பதுதான் அதன் பொருள். நாம் பார்க்க வேண்டியது, எத்தனை டிகிரி வரை நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொல்லும் கம்ஃபர்ட் எண்ணை மட்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், குளிர்கால இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்கும். கம்ஃபர்ட் 10 போட்ட பேக் போதும். கீழே நல்ல ஃபோம் மேட் இல்லாவிட்டால் எந்த பேக்கும் பயன்படாது. நம் எடையில் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கி, மண்ணின் குளிர் நேராக முதுகுக்கு ஏறும். கிட்டில் கொடுத்தது காகிதம் போல ஒரு வெள்ளித்தாள்.

இதையெல்லாம்விட எனக்கு ஆறாத கோபம் அந்த அடுப்பு விஷயத்தில்தான். "மழை வந்தா டென்ட்டுக்குள்ளயே வெச்சு டீ போட்டுக்கலாம்க்கா" என்று சொல்லி கேஸ் அடுப்பைக் கையில் கொடுத்தார். மூடிய கூடாரத்துக்குள் எந்த அடுப்பையும் பற்றவைக்காதீர்கள், கரியோ கேஸோ எதுவானாலும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கக் கலக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். பாலியஸ்டர் துணியில் தீ பிடித்தால் ஜிப்பைத் தேடித் திறக்கக்கூட நேரம் இருக்காது. என் கணவருக்கு இது தெரிந்திருந்ததால் நாங்கள் அந்த அடுப்பைத் தொடவில்லை. தெரியாத எத்தனை குடும்பத்துக்கு அதே வார்த்தையைச் சொல்லி விற்றிருப்பாரோ!

நடு இரவில் எஸ்டேட் காவல்காரர் வீட்டுக் கதவைத் தட்டினோம். அந்த அண்ணனும் அவர் மனைவியும் எழுந்து, பிள்ளைகளுக்குக் கம்பளி கொடுத்து, அடுப்படியில் படுக்கவைத்தார்கள். மாற்றுத்துணி மட்டும் காய்ந்திருந்தது, கெட்டியான பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்திருந்ததால். பையோடு வரும் மழை உறையை நம்பாமல், பைக்குள்ளேயே பெரிய குப்பை கவர் ஒன்றை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் அடுக்குங்கள்.

முதுகுப் பையைக் கடையில் வெறும் பையாக மாட்டிப் பார்ப்பது வீண். எட்டுக் கிலோ அளவுக்கு ஏதாவது போடச் சொல்லி மாட்டுங்கள். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்து எடையை வாங்க வேண்டும். எங்களுடையதில் இடுப்பில் வெறும் நாடாதான், மொத்தப் பாரமும் தோளில் அறுத்தது. கனமான சாமான் முதுகை ஒட்டி நடுவில், படுக்கை அடியில், மழைக்கோட்டு மேலே என்று அடுக்குங்கள்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் சுவரில் ஒட்டியிருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' அறிவிப்பைக் காட்டினார். அந்த அறிவிப்பைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகார் பதிந்தோம், ஒழுகும் தையலின் வீடியோவையும் அனுப்பினோம். சில வாரம் இழுத்தடித்துக் கூடாரத்துக்கு உரிய பணத்தைக் கொடுத்தார். மற்றதற்குத் தரவில்லை. துண்டுச் சீட்டை நீட்டியவரிடம் என் கணவர் பிடிவாதமாகக் கேட்டு ஜிஎஸ்டி பில் வாங்கியிருந்தும், கடைக்காரர் அதில் கூடாரத்துக்கு மட்டும் விலை போட்டு, மிச்சத்தை 'ஆக்சஸரீஸ்' என்று ஒரே வரியில் முடித்திருந்தார். ஒவ்வொரு பொருளும் தனி வரியில், விலையோடு, ஸ்லீப்பிங் பேக்கின் கம்ஃபர்ட் எண்ணோடு பில்லில் ஏறும் வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.