கை நுழையும் பாட்டிலா, சூடு தாங்கும் பாட்டிலா?

சின்னவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள், "அம்மா, தண்ணி நாறுது" என்றாள். பாட்டிலை முகர்ந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே எவர்சில்வர் பளபளவென்று இருந்தது. மூடியைத் திருப்பி, உறிஞ்சும் குழாய்க்கு அடியில் இருந்த ரப்பர் வாஷரை ஊக்கால் நெம்பி எடுத்தேன். அதற்கு அடியில் வழவழவென்று கறுப்புப் பூசணம். தினமும் சோப்பு போட்டுக் கழுவிய பாட்டில் அது. எத்தனை வாரமாகக் குழந்தை அந்தத் தண்ணீரைக் குடித்தாளோ என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு நான் பாட்டில் வாங்கும் விதமே மாறிவிட்டது. 'இத்தனை மணி நேரம் குளிர்ச்சி நிற்கும்' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைக் கடைசியாகத்தான் படிக்கிறேன். முதலில் பார்ப்பது இரண்டு விஷயம்: உள்ளே என் கை போகுமா? மூடி முழுதாகக் கழன்று வருமா? வீட்டில் இப்போது நான்கு வகை பாட்டில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை வைத்தே ஒப்பிடுகிறேன்.

ஒற்றைச் சுவரும் இரட்டைச் சுவரும்

ஒற்றைச் சுவர் பாட்டில் என்பது ஒரே தகட்டால் ஆனது. நம் வீட்டு டம்ளருக்கு மூடி போட்டது போலத்தான். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வெளியே வியர்க்கும், பையில் இருக்கும் நோட்டு நனையும். வெந்நீர் ஊற்றினால் கையில் பிடிக்க முடியாது. இரட்டைச் சுவர் பாட்டிலில் இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். காற்றே இல்லாததால் வெப்பம் அந்த இடைவெளியைக் கடப்பது கடினம். 1892-இல் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி, குளிரூட்டித் திரவமாக்கிய வாயுக்களைப் பாதுகாக்கக் கண்டுபிடித்த அதே உத்தி. அவர் செய்தது கண்ணாடியில், நம்முடையது எவர்சில்வரில்.

அப்படியானால் இரட்டைச் சுவர்தானே மேல் என்று தோன்றும். எடையைப் பாருங்கள். என் சமையலறைத் தராசில் 750 மில்லி ஒற்றைச் சுவர் பாட்டில் காலியாக 170 கிராம் இருந்தது, அதே கொள்ளளவுள்ள இரட்டைச் சுவர் பிளாஸ்க் 390 கிராம். தண்ணீர் நிரப்பினால் பிளாஸ்க் 1 கிலோ 140 கிராம் ஆகிவிடுகிறது. பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் புத்தகப்பை இருக்கக் கூடாது என்று 2020-இல் வந்த ஒன்றிய அரசின் பள்ளிப்பைக் கொள்கை சொல்கிறது. 22 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 2 கிலோ 200 கிராம். பாட்டில் மட்டுமே அதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டால் புத்தகங்களுக்கு என்ன மிச்சம்?

அதனால் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒற்றைச் சுவர், அதிலும் அரை லிட்டர், போதும் என்பது என் முடிவு. பள்ளியில் நல்ல குடிநீர் இருந்தால் அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். பிள்ளைகள் கீழே போட்டு நசுக்கினாலும் ஒற்றைச் சுவருக்கு ஒன்றும் ஆகாது. இரட்டைச் சுவர் அப்படி இல்லை. உள்ளே மெல்லிய விரிசல் ஒன்று விழுந்து காற்று புகுந்துவிட்டால் அப்புறம் அது வெறும் கனமான பாட்டில்தான். வெயிலில் வேலை செய்பவர்களுக்கும், நீண்ட பேருந்துப் பயணம் போகிறவர்களுக்கும், கைக்குழந்தைக்கு வெந்நீர் எடுத்துப் போகும் தாய்மார்களுக்கும் பிளாஸ்க் வேண்டும். அவர்களுக்கு அந்த எடை வீண் இல்லை.

அகல வாயா, குறுகிய வாயா

உண்மையான போட்டி இங்கேதான். நல்ல பிளாஸ்க்கில் வெப்பம் பெரும்பாலும் கழுத்து வழியாகவும் மூடி வழியாகவும்தான் தப்பிக்கிறது. வாய் சிறுத்தால் சூடு கூடுதல் நேரம் நிற்கும். ஆனால் வாய் சிறுத்தால் கை போகாது, கழுத்துக்குக் கீழே பாட்டில் அகலும் தோள்பட்டை வளைவைப் பிரஷ்ஷும் எட்டாது. கறை பிடிப்பது சரியாக அந்த வளைவில்தான்.

தண்ணீருக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அகல வாயை எடுங்கள். இரண்டு மணி நேரக் குளிர்ச்சி குறைந்தால் எதுவும் குடிமுழுகிப் போகாது. காபி, டீ எடுத்துப் போவதற்குக் குறுகிய வாய் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைத் தனியாக வையுங்கள். காபி வாசனை ஏறிய மூடியில் தண்ணீர் குடிக்க யாருக்கும் பிடிக்காது. எங்கள் வீட்டில் காபி பிளாஸ்க்கின் மூடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன்.

கடையில் வாங்கும்போதே மூடியைத் திறந்து நான்கு விரல்களை உள்ளே விட்டுப் பாருங்கள். கடைக்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மூடி

மூடியில் மூன்று வகை: திருகு மூடி, பட்டனை அழுத்தினால் திறப்பது, உறிஞ்சு குழாய் வைத்தது. இந்த மூன்றில் திருகு மூடிக்குத்தான் என் ஓட்டு. அதில் இருப்பது ஒரே ஒரு வாஷர், விரல் நகத்தால் எடுத்துவிடலாம். பட்டன் மூடி ஒரு கையால் திறக்க வசதி, வண்டியில் போகிறவர்களுக்கு உதவும். ஆனால் உள்ளே சுருள் கம்பி, சின்ன ரப்பர், இடுக்கு என்று ஈரம் தங்க ஏகப்பட்ட இடம். பல பட்டன் மூடிகளைக் கழற்றவே முடியாது. கழற்ற முடியாத மூடியை வாங்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

உறிஞ்சு குழாய் மூடி சின்னக் குழந்தைகளுக்கு மேலே சிந்தாமல் குடிக்க உதவுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் குழாய்க்குள் போகும் மெல்லிய பிரஷ் வீட்டில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். உதிரி வாஷர் கிடைக்குமா என்று கடையிலேயே கேட்டுவிடுவதும் நல்லது.

தகட்டின் தரம்

எவர்சில்வர் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் தகடு பல ரகம். 304 என்ற ரகத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். அதனால்தான் சில பாட்டில்களின் அடியில் 18/8 என்று பொறித்திருப்பார்கள். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்றைத் தகட்டின் மேல் போர்த்திவிடுகிறது. துரு பிடிக்காமல் காப்பது அந்தப் படலம்தான், கீறினாலும் தானாக மறுபடி உருவாகும். 201, 202 ரகங்களில் விலை கூடிய நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்க்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். உப்புத் தண்ணீரிலும் புளிப்பிலும் பின்னது சீக்கிரம் தோற்றுப்போகும்.

காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல தகடு என்று கடைகளில் சொல்வார்கள். இதை நம்ப வேண்டாம். 202 தகட்டிலும் காந்தம் ஒட்டாது. 304-ஆகவே இருந்தாலும் கழுத்து, அடிப்பக்கம் போல வளைத்து அழுத்திய இடங்களில் லேசாக இழுக்கும். காந்தத்தைவிட முத்திரை நம்பகமானது. தண்ணீர் பாட்டில்களுக்கும் பிளாஸ்க்குகளுக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி ஒன்றிய அரசு 2023-இல் ஆணைகள் வெளியிட்டது. சாதாரண குடிநீர் பாட்டிலில் ஐ.எஸ். 17803 என்ற எண்ணும், எவர்சில்வர் வெற்றிட பிளாஸ்க்கில் ஐ.எஸ். 17526 என்ற எண்ணும் இருக்கும். கூடவே உரிம எண் ஒன்றும் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம் என்று காட்டிவிடும்.

316 ரகம் என்று கூடுதல் விலையில் விற்பதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்பை நன்றாகத் தாங்கும். வெறும் தண்ணீருக்கு அது அவசியமில்லை. உப்பு போட்ட எலுமிச்சைச் சாறோ மோரோ தினமும் எடுத்துப் போகிறவர் என்றால் யோசிக்கலாம்.

செம்பு பாட்டில் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். புளிப்பான எதையும் அதில் ஊற்றக் கூடாது, உட்புறம் சீக்கிரம் கறுக்கும், அடிக்கடி புளி போட்டுத் தேய்க்க வேண்டும். குறுகிய வாய்க்குள் எப்படித் தேய்ப்பது? வீட்டில் செம்புக் குடம் இருந்தால் அதுவே போதும்.

கழுவும் பொருள்களில் எது எதற்கு

கறையைப் பார்த்துத்தான் மருந்து. எங்கள் பகுதியில் போர் தண்ணீர் கடினம், அதில் கழுவிக் காயவைத்தாலே உள்ளே வெள்ளையாகப் படியும். அது பெரும்பாலும் கால்சியம் உப்பு. சோப்பு எவ்வளவு போட்டாலும் போகாது, புளிப்புக்கு மட்டும் கரையும். இதற்கு வினிகரைவிட சிட்ரிக் ஆசிட் மேல். எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அரை லிட்டர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி, அரை மணி நேரம், அவ்வளவுதான். வினிகரும் வேலை செய்யும், ஆனால் வாசனை வாஷரில் தங்கிவிடுகிறது. தண்ணீரில் இருக்கும் இரும்பால் வரும் பழுப்புப் புள்ளிகளும் இதே எலுமிச்சை உப்பில் போய்விடும். பாட்டிலே துருப்பிடித்துவிட்டது என்று பயந்து தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு தடவை செய்து பாருங்கள்.

டீ, காபிக் கறைக்கும் துர்நாற்றத்துக்கும் ஆப்ப சோடா. ஒரு மேசைக்கரண்டி போட்டு வெந்நீர் ஊற்றி, மூடாமல் இரவு முழுக்க விட்டால் காலையில் பழுப்பு ஏடு ஏடாகக் கழன்று வரும்.

சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, அதைப் பார்த்துப் பலரும் அழுக்கு போகிறது என்று நினைக்கிறார்கள். உண்மையில் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அந்தக் கலவையை உள்ளே வைத்து மூடியை இறுக்கிவிடவே கூடாது. வாயு அடைபட்டு மூடி முகத்தில் தெறிக்கும்.

குறுகிய வாய் பிளாஸ்க்குக்கு என் மாமியார் சொன்ன வழி அருமையானது. "ஏம்மா பிரஷ்ஷோட மல்லுக்கட்டுற? ஒரு பிடி அரிசியப் போட்டு, கொஞ்சம் வெந்நீர் ஊத்திக் குலுக்கேன்" என்றார். அரிசி தோள்பட்டை வளைவு வரைக்கும் போய்த் தேய்க்கிறது, கீறலும் விழுவதில்லை. ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் சேர்த்தால் இன்னும் நல்லது.

கம்பி நார் வேண்டவே வேண்டாம். அதன் துணுக்குகள் தகட்டில் மாட்டிக்கொண்டு, அவை துருப்பிடித்து, பாட்டில் துருப்பிடித்தது போலத் தெரியும். சொரசொரப்பான பாத்திரப் பொடியை வெளிப்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊறவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். அதில் உள்ள குளோரின் அந்தப் பாதுகாப்புப் படலத்தை உடைத்து ஊசி முனை அளவுக்குக் குழிகள் போட்டுவிடும். அந்தக் குழிகளைப் பிறகு எதாலும் சரிசெய்ய முடியாது.

தினசரி வேலை என்று பார்த்தால் வெந்நீர், இரண்டு சொட்டு சோப்பு, பிரஷ், இவ்வளவே. வாரத்துக்கு இரண்டு நாள் வாஷரைக் கழற்றித் தனியாகத் தேய்க்கிறேன். அது சிலிக்கானாக இருந்தால் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுக்கலாம். கழுவிய பாட்டிலைத் தட்டையான மேடையில் நேராகக் கவிழ்த்தால் உள்ளே காற்று போகாது, சாய்த்து வையுங்கள். மூடியையும் வாஷரையும் ராத்திரி முழுக்கத் தனித்தனியாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்த பாட்டிலில்தான் அந்தப் புழுங்கிய வாடை வருகிறது.

பிளாஸ்க்கை ஃபிரீசரில் வைக்காதீர்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து உள்சுவரை நெளித்துவிடும். வெற்றிடம் நன்றாக இருக்கிறதா என்று தெரிய, கொதிநீர் ஊற்றி மூடி ஐந்து நிமிடம் கழித்து வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, வீட்டிலேயே மேசை மேல் வைத்துச் சாதாரணத் தண்ணீர் குடிக்க நன்றாகவே பயன்படும்.

ஒரே ஒரு விதிவிலக்கு, அடிப்பக்க வட்டத் தகடு கழன்று விழுந்த பிளாஸ்க். வெற்றிடத்துக்குள் காற்று புகாமல் அடைக்கச் சில நிறுவனங்கள் அந்த இடத்தில் ஈயம் கலந்த பொட்டு வைத்து, மேலே தகட்டால் மூடுகின்றன. தங்கள் தயாரிப்பில் அப்படி இருப்பதை அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் 2024 தொடக்கத்தில் ஒப்புக்கொண்டது. மூடியிருக்கும்வரை அது தண்ணீரையோ கையையோ தொடுவதில்லை. தகடு விழுந்துவிட்டால், பிள்ளைகள் கை வைப்பதற்கு முன் அந்த பிளாஸ்க்கை எடுத்து ஒதுக்கிவிடுங்கள்.