நிக்கோடின் கம் (2 மி.கி., புதினா): பீடியை விட நினைப்பவர்களுக்கு

ராமநாதபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. பாம்பனில் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகும் அண்ணனுக்காக இந்த கம் வாங்கினேன். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே 2 மி.கி. கிடைக்கிறது.

முதலில் குறை. சாதாரண சூயிங்கம் மாதிரி விறுவிறுவென மென்றால் தொண்டை எரியும், விக்கல் வரும். அண்ணன் அப்படி மென்றுதான் துப்பிவிட்டார். மெதுவாக மென்று, சுருக்கென்று காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். அரை மணி நேரம் இப்படி. டீ குடித்த கையோடு போட்டால் சரியாக வேலை செய்யாது, கால் மணி நேரமாவது விட வேண்டும். கரையேறியதும் டீக்கடைக்குப் போகிறவர்களுக்கு இது கஷ்டம்தான். நான் வாங்கிய அட்டையில் இதெல்லாம் தமிழில் இல்லை. பெரிய குறை.

இருந்தும் ஏன் வாங்கச் சொல்கிறேன்? நெஞ்சு எக்ஸ்ரேவுக்குக் கூப்பிட்டால் அண்ணன், "வேணாம் தங்கச்சி, கதிர் உள்ள போயிரும்" என்பார். கையில் பீடி புகையும். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் உடம்பு வாங்குவது அதிகம் போனால் 0.1 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). அதோடு முடிந்தது. ஆனால் அண்ணன் கையிலிருக்கும் பீடியின் புகையிலையிலேயே பொலோனியம்-210 என்ற கதிர் வீசும் பொருள் இருக்கிறது. காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து வருவது இலையின் பிசுபிசுப்பான ரோமங்களில் ஒட்டிக்கொள்கிறது, பாஸ்பேட் உரம் வழியாகவும் சேர்கிறது. சிகரெட் புகையில் அது இருப்பதை 1964லேயே அமெரிக்காவில் கண்டுபிடித்துவிட்டார்கள். கங்கின் சூட்டில் ஆவியாகி, மூச்சுக்குழாய் கிளை பிரியும் இடங்களில் படிகிறது. அதன் ஆல்பா கதிரைத் தோலே தடுத்துவிடும், ஆனால் நுரையீரலுக்குள் அந்தத் தோல் இல்லையே! வேலையில் என்மேல் படும் கதிரை அளக்க நான் மாட்டியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குப் போகும். அண்ணன் நெஞ்சுக்குள் படிவதை எந்த பேட்ஜும் காட்டாது. புகையில் புற்றுநோய் தருபவை இன்னும் எத்தனையோ உண்டு, இது அதில் ஒன்று.

பீடியில் இருப்பதில் நிக்கோடின் மட்டும்தான் கம்மில் உண்டு. எதுவும் எரிவதில்லை, நுரையீரலுக்கு எதுவும் போவதில்லை. கடல் காற்றில் தீக்குச்சியோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். அதற்காக இதையே பழக்கமாக்கிவிடக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். பீடிக்கட்டோடு பார்த்தால் விலை கூடுதல்தான்.

அண்ணன் இப்போது கரையில் பீடி தொடுவதில்லை. வலை இழுக்கும்போதுதான் இன்னும் கேட்கிறதாம். அதற்கு கம்மோடு, புகையிலையை விட உதவும் 1800-11-2356 எண்ணிலும் பேசச் சொல்லியிருக்கிறேன். இலவசம், தமிழிலேயே பேசலாம்.