யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால்: ஐபிவி4 பக்கம் மூடிய போர்ட், ஐபிவி6 பக்கம் திறந்தே கிடக்கலாம்

உபுண்டு சர்வர் எடுத்தால் கூடவே வந்துவிடும் ஃபயர்வால் (எந்த இணைப்பை உள்ளே விடலாம் என்று பார்க்கும் காவல்) யுஎஃப்டபிள்யூ. 2008-ல் வந்த 8.04 பதிப்பிலிருந்து இருக்கிறது, காசு கிடையாது. புதுச்சேரி ஒயிட் டவுன் கெஸ்ட் ஹவுஸுக்கு ஒரு புக்கிங் தளம், கடலூர் பள்ளிக்கு ஒரு ஃபீஸ் சாஃப்ட்வேர் என்று ஒன்றிரண்டு விபிஎஸ் (வாடகை சர்வர்) வைத்து நடத்துபவர்களுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் ஐபிவி4, ஐபிவி6 என்ற இரண்டு இணைய முகவரி புரோட்டோகாலையும் அது எங்கே சேர்த்துப் பார்க்கிறது, எங்கே பிரித்துப் பார்க்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். பழைய முறையில் ஐபிவி4-க்கு ஐபிடேபிள்ஸ் தனி, ஐபிவி6-க்கு ஐபி6டேபிள்ஸ் தனி. ஒன்றில் எழுதிய விதி மற்றொன்றுக்குத் தெரியாது. யுஎஃப்டபிள்யூவில் ‘அலவ் 443/டிசிபி’ (443 என்ற வெப் போர்ட்டை, அதாவது வாசலை, திற) என்று ஒரு வரி போட்டால் இரண்டிலும் விதி ஏறிவிடும். ஐசிஎம்பிவி6 (நெட்வொர்க் மெஷின்கள் தங்களுக்குள் அனுப்பும் பிழை, நிலைமைச் செய்திகள்) விஷயத்திலும் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது. பக்கத்து மெஷினைக் கண்டுபிடிக்க உதவும் 135, 136 வகைச் செய்திகளையும், ‘பாக்கெட் டூ பிக்’ (தரவுத் துண்டு அளவு மீறிவிட்டது) என்னும் 2-ஆம் வகையையும் தானே அனுமதித்து வைத்திருக்கும். சொந்தமாக விதி எழுதுபவர்கள் ஐசிஎம்பி மொத்தத்தையும் அடைத்துவிடுவது வழக்கம். 135, 136 போனால் ஐபிவி6 மொத்தமாகச் செத்துவிடும். 2 போனால் சின்னப் பக்கங்கள் வரும், பெரிய ஃபைல் பாதியில் தொங்கும். ஐபிவி6-ல் வழியிலுள்ள ரவுட்டர்கள் பாக்கெட்டை உடைத்து அனுப்பாது என்பதே காரணம்.

இனி சிக்கல்கள். மிக மோசமானது, எண்ணைச் சொல்லி விதியை நீக்குவது. ‘ஸ்டேட்டஸ் நம்பர்டு’ போட்டால் இப்படி வரும்: 1-ல் 22 (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச்), 2-ல் 443, 3-ல் 3306 (டேட்டாபேஸ்), அதன் கீழே ‘வி6’ குறியோடு 4-ல் 22, 5-ல் 443, 6-ல் 3306. டேட்டாபேஸை மூடுகிறோம் என்று ‘டெலிட் 3’ அடித்தால் போவது ஐபிவி4 விதி மட்டும். 6-ஆவதாக இருந்தது 5-க்கு நகர்ந்து உயிரோடு இருக்கும். பிராட்பேண்டிலிருந்து ஐபிவி4 வழியாகச் சோதித்தால் மூடியதாகவே தெரியும். ‘டெலிட் அலவ் 3306/டிசிபி’ என்று விதியையே சொல்லி நீக்குங்கள், இரண்டும் சேர்ந்து போகும்.

ஒரு முகவரியைத் தடுக்கும்போதும் இதே பிரிவினைதான். ‘இன்செர்ட் 1’ என்று ஐபிவி6 முகவரி கொடுத்தால் ‘இன்வேலிட் பொசிஷன்’ என்று மறுத்துவிடும். ஐபிவி4 விதிகளுக்கு மேலே ஐபிவி6 விதி உட்கார முடியாது. ‘பிரிபெண்ட்’ போட்டால் அதனதன் வரிசையில் முதலில் ஏறும். தடுப்பதென்றால் தனி முகவரியைத் தடுக்காமல் /64 (முதல் 64 பிட் ஒன்றாக உள்ள முகவரித் தொகுதி) முழுவதையும் தடுங்கள். தாக்குபவர் கையில் குறைந்தது அவ்வளவு முகவரிகள் இருக்கும்.

எஸ்எஸ்எச்சுக்கு ஆபீஸ் ஐபிவி4 முகவரியை மட்டும் அனுமதிப்பது நம் கடற்கரையில் ஆபத்து. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது போன்ற நாளில் ஃபைபர் அறுந்தால், மிஞ்சுவது மொபைல் டேட்டா. அது ஐபிவி6-ல் வரும், அல்லது பலர் பகிரும் வேறொரு ஐபிவி4-ல் வரும். இரண்டையும் சர்வர் உள்ளே விடாது. வயர்கார்டு என்ற விபிஎன் (சர்வருக்குப் போகும் மறைகுறியாக்கிய டனல்) போட்டுவிடுங்கள். ‘அலவ் 51820/யுடிபி’, பிறகு ‘அலவ் இன் ஆன் டபிள்யூஜி0 டு எனி போர்ட் 22’. மொபைலில் டனல் போட்டு உள்ளே நுழைந்து பார்த்த பிறகே பொதுவான 22-ஐ மூட வேண்டும். விபிஎஸ் கம்பெனியின் வெப் கன்சோல் பாஸ்வேர்டும் கையில் இருக்கட்டும்.

டாக்கர் (ஆப்களைத் தனித்தனி கண்டெய்னரில் ஓட்டும் மென்பொருள்) வைத்திருப்பவர்களை யுஎஃப்டபிள்யூ காப்பாற்றாது. வெளியே விட்ட போர்ட்டுக்கு வரும் பாக்கெட் ஃபார்வர்டு பாதையில் திரும்பிவிடுகிறது, உங்கள் தடுப்பு (டினை) விதி இருக்கும் பக்கமே வராது. டேட்டாபேஸ் கண்டெய்னர் என்றால் ‘127.0.0.1:3306:3306’ என்று சர்வருக்குள்ளேயே கட்டிப்போடுவதே வழி.

சிலர் தொல்லையே வேண்டாமென்று யுஎஃப்டபிள்யூவின் செட்டிங்ஸ் ஃபைலில் ‘ஐபிவி6=நோ’ என்று மாற்றுகிறார்கள். அப்போது லூப்பேக் (சர்வர் தன்னோடு தானே பேசும் வழி) தவிர ஐபிவி6 முழுவதும் அடைபடும். பாதுகாப்புக்குக் குறையில்லை. ஆனால் டிஎன்எஸ்ஸில் ‘ஏஏஏஏ’ ரெக்கார்டு (தளத்தின் ஐபிவி6 முகவரியைச் சொல்வது) அப்படியே இருந்தால், மொபைல் வாடிக்கையாளரின் ஆப் முதலில் அந்தப் பக்கம் தட்டிப் பார்த்து, பதில் வராமல் காத்திருந்துவிட்டுத்தான் ஐபிவி4-க்குத் திரும்பும். ரெக்கார்டை எடுங்கள், அல்லது ஐபிவி6-ஐ ஒழுங்காக நடத்துங்கள். இந்தியாவில் மொபைல் போக்குவரத்து ஐபிவி6 பக்கம் இவ்வளவு சாய்ந்திருக்கும்போது இரண்டாவதே சரி.

சோதிக்கும்போது போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து ‘என்மேப்’பை (திறந்த போர்ட்டுகளைத் தேடும் கருவி) ஒருமுறை சாதாரணமாகவும், ஒருமுறை ‘-6’ சேர்த்து ஐபிவி6 முகவரிக்கும் ஓட்டுங்கள். இரண்டு பட்டியலும் ஒன்றாக இருக்க வேண்டும். கிளவுட் கம்பெனியின் சொந்த ஃபயர்வால் முன்னால் இருந்தால் அங்கேயும் 0.0.0.0/0 (ஐபிவி4 முழுவதும்) தனி, ::/0 (ஐபிவி6 முழுவதும்) தனி என்பதைப் பாருங்கள்.

சர்வர்கள் ஐந்தாறைத் தாண்டினால் என்எஃப்டேபிள்ஸ் என்ற ஃபயர்வாலுக்குப் போய்விடலாம். ‘ஐநெட்’ என்ற ஒரே டேபிளில் இரண்டு புரோட்டோகாலுக்கும் விதி எழுதி, ஒரே ஃபைலை எல்லா சர்வருக்கும் அனுப்பலாம். போகிறவர்கள் முதலில் யுஎஃப்டபிள்யூவை ‘டிசேபிள்’ செய்துவிடுங்கள். இரண்டும் ஒரே சர்வரில் ஓடினால் எந்த விதி பாக்கெட்டைத் தடுத்தது என்று தேடியே பொழுது போய்விடும்.